பாக்கு ஃபாரின் பாடியாம்

இன்று காலை ஆம்பூரிலிருந்து வேலூருக்குப் பஸ்ஸில் போனேன். அங்கே ஆஸ்பத்திரியில் இருக்கும் தங்கை லலிதாவின் நுரையீரலில் ஒரு பாகம் சுருங்கிவிட்டதாம். மூச்சுக்குழாயில் பாக்குத் துண்டு போய் அடைத்திருக்கலாமாம். பிழைப்பாளா என்று டாக்டரிடம் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

பக்கத்து சீட்டுப் பெண் மெடிக்கல் கோடிங் வேலை பார்ப்பவள். நோய்களுக்குக் குறியீடு போடுகிற வேலை.

போனில் யாரையோ அதட்டிக்கொண்டிருந்தாள். "வெறும் லங் கொலாப்ஸ்னு எழுதினா ஆச்சா? காத்து கசிஞ்சிதா, வழி அடைச்சிக்கிச்சா? ரெண்டுக்கும் வேற வேற கோடு!"

"அடைச்சிக்கிட்டா என்ன ஆகும்மா?" என்று கேட்டுவிட்டேன்.

"உள்ள இருக்கிற காத்தை ரத்தம் உறிஞ்சிக்கும் ஆயா. அந்த இடம் சுருங்கிடும். அடைப்பை எடுத்தா பெரும்பாலும் விரிஞ்சிடும். பாக்கோ புளியங்கொட்டையோ, கோடிங்ல எல்லாம் ஃபாரின் பாடிதான், உடம்புக்குச் சொந்தமில்லாத வெளிப்பொருள்."

ஆயா என்றதை மன்னித்தேன்.

மதியம் குழாய் விட்டுப் பாக்கை எடுத்தார்கள். மாலை எக்ஸ்ரேயில், காலையில் வெளுத்திருந்த இடம் கறுத்திருந்தது. காற்று திரும்பிவிட்டது என்றார் டாக்டர். வழி திறந்ததும் தானாக மலர்ந்திருக்கிறது! அந்தப் படத்தை விட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை.

"உன் பாக்குக்கு ஃபாரின் பாடின்னு பேராம்டி," என்றேன்.

லலிதாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. "கல்யாணம் ஆனதுலேர்ந்து என் வாயில இருக்குதுக்கா. அது ஃபாரினா?"

கோடிங் தெரிந்தவர்கள் அவளுக்குப் பதில் சொல்லுங்கள்.