பவளங்கள் இருந்த அறை

ஆஸ்பத்திரியில் அவரை எல்லோரும் 'தண்ணி அண்ணன்' என்றுதான் கூப்பிடுவார்கள். புதிதாக வேலைக்கு வரும் நர்ஸ்கள் இந்தப் பெயரைக் கேட்டுவிட்டு முதல் இரண்டு நாள் கொஞ்சம் தள்ளியே நிற்பார்கள். ஆள் வாழ்நாளில் ஒரு சொட்டுக்கூட குடித்ததில்லை. டயாலிசிஸ் பிரிவில் இயந்திரங்களுக்குப் போகும் தண்ணீரைச் சுத்தம் செய்து கொடுக்கும் வேலை அவருடையது. விஷயம் தெரிந்ததும் நர்ஸ்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அவரும் கூடச் சேர்ந்து சிரிப்பார்.

தனக்கென்று எதையும் கேட்டு வாங்கிப் பழக்கமில்லாத மனிதர். சட்டை துணிமணிகூட மனைவி எடுத்து வந்து கொடுத்தால் போட்டுக்கொள்வார். தபால் ஆபீஸ் கவுன்டரில் வேலை பார்க்கும் அந்த அம்மாள், "இவருக்கு ஆசைன்னு ஒண்ணு இருக்கான்னே தெரியல" என்று அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொண்டிருந்த காலமும் உண்டு.

ஆசை ஒரு பயிற்சி வகுப்பில் வந்து சேர்ந்தது. புதிய இயந்திரத்தைப் பற்றிச் சொல்லிக்கொடுக்க ஒரு பெரிய ஹோட்டலுக்கு அழைத்திருந்தார்கள். வரவேற்பறைச் சுவருக்குள் ஒரு கண்ணாடித் தொட்டி. உள்ளே கடல். செடி என்று நினைத்துப் பக்கத்தில் போனவர், அவை செடிகள் இல்லை, உயிருள்ள பவளங்கள் என்று தெரிந்ததும் அசையாமல் நின்றுவிட்டார். விரல் விரலாக நீட்டிக்கொண்டு, நீரோட்டத்துக்குத் தகுந்தாற்போல் அவை ஆடிக்கொண்டிருந்தன. மற்றவர்கள் சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வரும்போதும் அவர் அங்கேயே நின்றிருந்தார்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னபோது, "மீன்தானே வேணும்? ரெண்டு தங்கமீன் வாங்கி ஒரு ஜாடியில விடுங்களேன்" என்றாள் அவள்.

"மீன் இல்ல. பவளம்" என்றார்.

அதற்குப் பிறகு பல வருடங்கள் அதைப் பற்றிப் படித்தார். படிக்கப் படிக்க, இது தனக்காகவே காத்திருந்த வேலை என்று தோன்றியது. குழாய்த் தண்ணீரில் கிருமிக்காகப் போடும் மருந்து நோயாளியின் ரத்தத்துக்கு ஆகாது, பவளத்துக்கும் ஆகாது. உப்பும் சுண்ணாம்புச் சத்தும் ஒரு அளவுக்குள் நின்றால்தான் இரண்டு இடத்திலும் உயிர் தங்கும். மற்றவர்கள் தலையைப் பிய்த்துக்கொள்ளும் பாடம் அவருக்கு அன்றாட வேலையாக இருந்தது. ஆனாலும் தொட்டி கட்டவில்லை. ஒரே மகள் படித்துக்கொண்டிருந்தாள். அவள் படித்து முடித்து, காது கேட்காதவர்களுக்குக் கருவி பொருத்தும் வேலையில் சேர்ந்து, மனசுக்குப் பிடித்தவனைக் கல்யாணம் செய்துகொண்டு, ரயிலில் அரை நாள் போக வேண்டிய ஊருக்குக் குடிபோனாள். வீடு அமைதியாகிவிட்டது. இனி கட்டலாம் என்று முடிவு செய்தார்.

எங்கே வைப்பது என்பதில்தான் சிக்கல். கூடத்தில் வைத்தால் மத்தியான வெயில் நேராக விழும். தண்ணீர் சூடேறிப் பாசி பிடித்துவிடும். அவர்கள் படுக்கும் அறையில் இடமில்லை. மகளின் அறைதான் வாகாக இருந்தது. வெயில் படாத அறை. கீழே கெட்டியான தரை. கூடத்துக்கும் அதற்கும் நடுவே ஒரே சுவர். அந்தச் சுவரில் ஜன்னல் மாதிரி வெட்டி, தொட்டியை அறைக்குள் வைத்துவிட்டால், கூடத்தில் உட்கார்ந்து பார்க்கலாம். மோட்டார், குழாய், உப்புச் சாக்கு எல்லாம் பின்னால் அறைக்குள் மறைந்துவிடும்.

மனைவிக்குப் பிடிக்கவில்லை. "கல்யாணம் ஆயிட்டா அவளுக்கு இந்த வீட்ல ரூம் கிடையாதா?"

"வந்தா ரெண்டு நாள் இருக்கப்போறா. ஹால்ல சோபா இருக்கு. அவகிட்டயே கேட்டுடறேன்."

கேட்கவும் செய்தார். போனில் மகள் சிரித்தாள். "தாராளமா எடுத்துக்கோங்கப்பா. நான் எங்க வரப்போறேன்? முதல்முறையா நீங்க ஒண்ணு கேக்கறீங்க, மாட்டேன்னு சொல்வேனா?"

அவளுடைய கட்டில் மனைவியின் தங்கை வீட்டுக்குப் போனது. புத்தகங்கள் பெட்டியில் அடைபட்டுப் பரணுக்கு ஏறின. கொத்தனார் வந்து சுவரை வெட்டினார். கனத்த இரும்புச் சட்டத்தில் தாங்கி செய்து போட்டார்கள். தொட்டி வாசலுக்குள் நுழையாத நீளம் என்பதால், கண்ணாடிக் கடை ஆட்கள் பலகை பலகையாகக் கொண்டுவந்து அறைக்குள்ளேயே வைத்து ஒட்டினார்கள். ஒட்டு காய்ந்ததும் வெறும் தண்ணீரை நிரப்பி, சுற்றிலும் தரையில் பழைய செய்தித்தாளைப் பரப்பி, எங்காவது ஈரம் தெரிகிறதா என்று மண்டி போட்டுப் பார்த்தார். சொட்டவில்லை. பிறகு உப்பைக் கரைத்தார். கல்லை அடுக்கினார், கலைத்தார், மறுபடி அடுக்கினார். மீனுக்கு ஒளியக் குகையும் வேண்டும், தண்ணீர் எல்லா மூலைக்கும் போகவும் வேண்டும்.

அதற்கப்புறம் ஒன்றுமே நடக்கவில்லை. வாரக்கணக்கில் கல்லும் தண்ணீரும் மட்டுமே இருந்தன. கழிவை ஜீரணிக்கும் கிருமிகள் கல்லில் குடியேறும்வரை எதையும் விடக்கூடாது. வருகிறவர்களெல்லாம், "மீன் எங்கே?" என்று கேட்டார்கள்.

"தண்ணி இன்னும் பழுக்கல" என்பார் அவர், மாங்காயைப் பற்றிச் சொல்வதுபோல.

பழுத்த பின் இரண்டு கோமாளி மீன்கள் வந்தன; ஒரு இறால் வந்தது; பிறகு ஒவ்வொன்றாகப் பவளங்கள். காலையில் எழுந்ததும் சூடு பார்ப்பார், உப்பு பார்ப்பார், ஆவியாகிப் போன அளவுக்கு நல்ல தண்ணீர் ஊற்றுவார். வேலையிலிருந்து வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் கண்ணாடி முன்னால் நிற்பார்.

"இது தொட்டி இல்ல, மாமியார்" என்று தபால் ஆபீஸில் சொல்லிச் சிரித்தாள் மனைவி. "நேரத்துக்கு நேரம் கவனிக்கணும். கொஞ்சம் சூடு கூடிட்டா மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கும்."

மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டது ஒரு பவளம்தான். நுனியெல்லாம் சின்னச் சுத்தியல் மாதிரி இருக்கும் வகை. கொண்டுவந்து வைத்த நாளிலிருந்து சுருங்கியே கிடந்தது. இடம் மாற்றினார், வெளிச்சத்தைக் குறைத்தார், நீரோட்டத்தைத் திருப்பிவிட்டார். அவருக்கு மட்டும் விடுமுறையான ஒரு நாளில் அது விரிந்தது. பச்சையும் ஊதாவுமாக, தலைமுடியை அவிழ்த்துவிட்டதுபோல விரிந்தது. அவருக்குத் தலைகால் புரியவில்லை. யாரிடமாவது காட்ட வேண்டும். மனைவி வேலைக்குப் போயிருந்தாள். அந்த நேரம் பார்த்து வாசல் மணி அடித்தது.

மகள் நின்றிருந்தாள். கையில் பெரிய சூட்கேஸ்.

"வாம்மா வா! சரியான நேரத்துக்கு வந்திருக்க. கண்ண மூடிக்கோ!"

சூட்கேஸை வாசலிலேயே வாங்கி வைத்துவிட்டு, அவள் தோளைப் பிடித்துக் கூடத்துக்குள் தள்ளிக்கொண்டு போனார். "இப்பத் திற."

அவள் திறந்தாள். சுவருக்குள் நீல வெளிச்சம். அவள் வெகுநேரம் பார்த்தாள்.

"அழகா இருக்குப்பா."

"இது முன்னால. பின்னால வந்து பாரு, எப்படி ஓடுதுன்னு காட்டறேன்."

ஒரு காலத்தில் அவள் படித்து, உறங்கி, வளர்ந்த அறையில், வாளிகளுக்கும் உப்புச் சாக்குகளுக்கும் நடுவே அவளை நிறுத்தி எல்லாவற்றையும் விளக்கினார். நுரையோடு அழுக்கைப் பிரித்தெடுக்கும் கருவி எது, அடியில் இருக்கும் இரண்டாவது தொட்டி எதற்கு, எந்தப் பவளம் எதன் பக்கத்தில் இருந்தால் அதைத் தேள் மாதிரி கொட்டிவிடும். அன்று தண்ணீர் மாற்றும் நாள். குழாயின் ஒரு முனையை அவள் கையில் கொடுத்து வாளிக்குள் பிடித்துக்கொள்ளச் சொன்னார். அவள் பிடித்துக்கொண்டாள்.

தண்ணீர் இறங்கிக்கொண்டிருக்கும்போது அவள் கேட்டாள்: "அப்பா, இந்த ஓரத்துல ஒரு சின்னக் கட்டில் போட இடம் இருக்குமா?"

அவர் சிரித்துவிட்டார். "கட்டிலா? இங்க இருக்கற ஈரத்துக்கு மெத்தை ஒரே மாசத்துல பூசணம் பிடிச்சிடும். ஏன், மாப்பிள்ளையும் வர்றாரா?"

"இல்ல. சும்மா கேட்டேன்."

வாளி நிறைந்தது. அவர் குழாயை எடுத்து மாட்டினார். ஏதோ பயிற்சிக்காக வேறு ஊருக்குப் போவதாகவும், வழியில் ஒரு எட்டு பார்த்துவிட்டுப் போக வந்ததாகவும் சொன்னாள். சூட்கேஸில் கருவிகள் இருப்பதாகச் சொன்னாள். அம்மா வரும்வரை இருக்கச் சொன்னார்; ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்றாள். தெருமுனைவரை போய் ஆட்டோ ஏற்றிவிட்டார். சூட்கேஸ் கனமாக இருந்தது. கருவிகள் என்றால் கனக்கத்தானே செய்யும் என்று நினைத்துக்கொண்டார்.

சாயந்திரம் மனைவி கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்டாள். "பெரிய சூட்கேஸா? மூஞ்சி எப்படி இருந்துச்சு?"

"நல்லாத்தான் இருந்தா. அழகா இருக்குன்னு சொன்னா."

"தொட்டியப் பத்திக் கேக்கலைங்க. அவ மூஞ்சியக் கேட்டேன்."

அவர் யோசித்துப் பார்த்தார். மகள் எந்த நிறத்தில் உடுத்தியிருந்தாள் என்பதுகூட நினைவுக்கு வரவில்லை.

தாய் போன் செய்தால் எல்லாம் நன்றாக இருப்பதாகவே மகள் சொன்னாள். சில மாதங்கள் கழித்து மருமகன் போன் செய்தான். குரலில் கோபமில்லை, மரியாதையாகத்தான் பேசினான். "மாமா, அவளோட துணி, புத்தகம் எல்லாம் இங்க கிடக்கு. பார்சல்ல உங்க வீட்டுக்கு அனுப்பிடவா?"

"எங்க வீட்டுக்கா? எதுக்கு?"

"அவ உங்ககூடத்தான இருக்கா?"

உடனே மகளுக்குப் போன் போட்டார்கள்; அன்றைக்குத்தான் எல்லாம் தெரிந்தது. அடிதடி எதுவும் இல்லை. சின்ன விஷயத்துக்கெல்லாம் வாரக்கணக்கில் முகம் கொடுத்துப் பேசாத ஆள் அவன். நாளெல்லாம் மற்றவர்கள் காதுக்குச் சத்தம் கொண்டுவரும் வேலை பார்த்துவிட்டு, பேச்சே இல்லாத வீட்டுக்குத் திரும்பித் திரும்பி, ஒருநாள் கிளம்பிவிட்டாள். கிளம்பி நேராகப் பிறந்த வீட்டுக்கு வந்தாள். அங்கிருந்து வேறு ஊரில் ஒரு தோழியின் விடுதி அறைக்குப் போயிருந்தாள்.

மனைவி அழவில்லை. "ஒரு பவளம் வாய மூடினா உங்களுக்குத் தெரியுது" என்றாள்.

அடுத்த ரயிலைப் பிடித்து மகளைப் பார்க்கப் போனார். அதற்குள் அவள் தனியாக ஒரு அறை எடுத்திருந்தாள். ஒரு கட்டில், ஒரு நாற்காலி, ஜன்னலில் துவைத்துப் போட்ட துண்டு. நாற்காலியை அவருக்குக் கொடுத்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தாள். இளைத்திருந்தாள்.

"ஏம்மா சொல்லல?"

"சொல்லத்தான்பா வந்தேன். நீங்க கதவத் திறந்ததும் உங்க மூஞ்சியப் பாத்தேன். அவ்ளோ சந்தோஷமா நான் உங்களப் பாத்ததே இல்ல. அதுல போய் எப்படி இதச் சொல்றது?"

"வீட்டுக்கு வந்துடும்மா. தொட்டிய எடுத்துடறேன்."

"வேணாம். நீங்க கேட்டீங்க, நான்தான குடுத்தேன்? அதுங்களும் உயிருதானே. அதயெல்லாம் கொன்ன இடத்துல எனக்குத் தூக்கம் வருமா? இங்க நான் நல்லாத்தான் இருக்கேன்."

அவள் சொன்னதைக் கேட்டிருக்கலாம். ஊர் திரும்பியவருக்கு அந்த நீல வெளிச்சத்தைப் பார்க்கப் பார்க்கத் தாங்கவில்லை. மனைவி, "அவதான் வேணாம்னாளே, கொஞ்சம் பொறுங்க" என்று சொல்லியும் கேட்கவில்லை. இதே பைத்தியம் பிடித்த பல் டாக்டர் ஒருவருக்கு மீன்களையும் பவளங்களையும் கொடுத்தார். அவசரத்தில் பைகளில் அடைத்துக் கட்டியதால் போகும் வழியிலேயே பாதி செத்துப்போயின. சுத்தியல் பவளமும் அதில் ஒன்று. பிளேடால் ஒட்டை அறுத்து அறுத்துக் கண்ணாடியைப் பிரித்தார். சுவரை அடைத்தார், வெள்ளை அடித்தார், புதுக் கட்டில் வாங்கிப் போட்டார்.

விஷயம் கேள்விப்பட்டு மகள் போன் செய்தாள். "யாருக்காக இப்படிப் பண்ணீங்க?"

"உனக்காகத்தான்மா."

"எனக்காக இல்லப்பா. உங்களுக்குப் பாரமா இருந்துச்சு, இறக்கி வெச்சீங்க. இப்ப அது என் தலையில வந்து உக்காந்திருக்கு." சொல்லும்போதே அழுதுவிட்டாள்.

அவள் திரும்பி வந்து குடியிருக்கவில்லை. அந்த ஊரிலேயே வேலையில் உயர்ந்தாள். இன்னும் கொஞ்சம் பெரிய வீட்டுக்கு மாறினாள். எப்போதாவது வந்து ஓரிரு நாள் தங்கிவிட்டுப் போகிறாள். அறை அவளுக்காகத் தயாராகத்தான் இருக்கிறது. ஆனால் அடைத்த சுவரில் உப்பு ஏறிவிட்டது. எத்தனை முறை சுரண்டிப் பூசினாலும் சுண்ணாம்பு பொரிந்து பொரிந்து உதிர்கிறது.

போன முறை வந்திருந்தபோது, கூடத்தில் அப்பாவும் மகளும் காபி குடித்துக்கொண்டிருந்தார்கள். அவள் அந்தச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அது நல்லா இருந்துச்சுப்பா. அன்னிக்கு நான் பொய் சொல்லல."

"ஆமாம்மா" என்றார்.

மறுபடி கட்டுங்கள் என்று அவளும் சொல்லவில்லை, கட்டட்டுமா என்று அவரும் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, இப்போது வேலை எப்படிப் போகிறது என்று கேட்டார். பிறந்ததிலிருந்து காது கேட்காத ஒரு குழந்தைக்கு முதல்முறை கருவி மாட்டிய கதையை அவள் சொல்ல ஆரம்பித்தாள். நீளமான கதை. காபி ஆறிப்போனது. அவர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, அவள் முகத்தைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.