நான் அழித்த முப்பத்தொரு மடிப்புகள்

1. பார்சல் திரும்பி வந்தது

கள்ளக்குறிச்சியில் நான் வேலை பார்த்த போட்டோ ஸ்டுடியோவுக்கு ஒரு காலை நேரத்தில் பெரம்பூரிலிருந்து ரிஜிஸ்டர் பார்சல் வந்தது. பிரித்தால், இரண்டு வாரத்துக்கு முன்னால் நாங்கள் அனுப்பிய முப்பத்தொரு காமிக்ஸ் புத்தகங்களும் அப்படியே இருந்தன. மேலே ஒரு இன்லண்ட் கடிதம். “போட்டோவில் இருக்கும் புத்தகம் வேறு, பார்சலில் வந்த புத்தகம் வேறு. இந்த மோசடிக்கு வேறு ஆளைப் பாருங்கள்.” அவ்வளவுதான். கீழே ஒரு கையெழுத்து.

முதலாளி அதை இரண்டு தடவை படித்துவிட்டு என் பக்கம் நீட்டினார். நான் ஒரே தடவை படித்தேன், புரிந்துவிட்டது. புத்தகம் மாறவில்லை. போட்டோவில் கை வைத்தது நான்.

இப்போது செல்போனில் படம் பிடித்து, ஃபில்டர் போட்டு, பழைய புத்தகம் விற்கிற பிள்ளைகள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். புத்தி சொல்ல வரவில்லை. நான் பட்டதைச் சொல்கிறேன், எடுத்துக்கொள்வதும் விடுவதும் உங்கள் இஷ்டம்.

2. டச்சிங்

நான் அந்த ஸ்டுடியோவில் டச்சிங் வேலைக்குச் சேர்ந்தவள். அந்தக் காலத்தில் பெண் பார்க்க வருவதற்கு முன்னால் போட்டோதான் போகும். மணலூர்பேட்டை, வடக்கனந்தல் என்று சுற்றுப்பட்டு ஊரிலிருந்தெல்லாம் பெண்ணைக் கூட்டிக்கொண்டு வருவார்கள். முதலாளி படம் எடுப்பார். நெகட்டிவ் காய்ந்ததும் என் மேஜைக்கு வரும். அம்மைத் தழும்பு, மச்சம், கண்ணுக்குக் கீழே கருவளையம் எல்லாவற்றையும் நான் அழிக்க வேண்டும். பிரிண்டில் கறுப்பாக விழும் கோட்டை நெகட்டிவிலேயே பென்சிலால் நிரப்புவேன். வெள்ளையாக விழும் கோட்டை, பிரிண்ட் போட்ட பிறகு மெல்லிய பிரஷ்ஷில் மை தொட்டு அடைப்பேன்.

சேர்ந்த அன்றே முதலாளி சொன்னார்:

“வர்ற மூஞ்சி எப்படி வேணா இருக்கட்டும்மா. போற மூஞ்சி லட்சணமா இருக்கணும். அதுக்குத்தான் உனக்கு சம்பளம்.”

நானும் அதைத் தொழில் தர்மம் என்றே நினைத்தேன். ஐந்து வருடத்தில் என் கை நான் சொல்லாமலே அழிக்கப் பழகிவிட்டது.

காமிக்ஸ் வியாபாரம் பிறகு வந்தது. ஒரு பழைய பேப்பர்க் கடைக்காரர் ஒரு கட்டு காமிக்ஸை ஸ்டுடியோவில் வைத்துவிட்டுப் போனார். முதலாளி விளையாட்டாக ஒரு பத்திரிகையில் வரி விளம்பரம் கொடுத்தார். மெட்ராஸ், மதுரை, கோயம்புத்தூர் என்று கடிதம் வந்து குவிந்தது. பெரிய பெரிய உத்தியோகத்தில் இருப்பவர்கள், சின்ன வயசில் படித்த முதல் இதழுக்கு அலையாய் அலைகிறார்கள் என்று அப்போதுதான் தெரிந்தது.

முறை இதுதான். புத்தகம் கொண்டு வருகிறவரோடு முதலாளி ஒரு விலை பேசி, பாதியை உடனே கையில் கொடுத்துவிடுவார். நான் அட்டையையும் முதுகையும் நடுப்பக்கத்தையும் படம் எடுத்துப் பிரிண்ட் போட்டுத் தபாலில் அனுப்புவேன். பிடித்திருந்தால் புத்தகம் போகும், பிறகு பணம் வரும். மீதிப் பாதி அப்போது சொந்தக்காரருக்கு, பேசின விலைக்கு மேல் கிடைப்பது முதலாளிக்கு. விற்காமல் போனால் அவர் வாங்கின பாதியைத் திருப்பித் தர வேண்டும். அதுதான் பேச்சு.

3. சின்னப்பையன் கொண்டு வந்த பெட்டி

சின்னப்பையன் கல்வராயன் மலைக்காரர். பெயர்தான் சின்னப்பையன், நாற்பதைத் தொட்டுக்கொண்டிருந்தார். கச்சிராயப்பாளையத்திலிருந்து தபால் பையைத் தூக்கிக்கொண்டு மலை ஏறுகிற வேலை. தனக்கென்று கடிதம் எழுத ஆள் இல்லாததால், ஒரு காமிக்ஸுக்குச் சந்தா கட்டியிருக்கிறார். முதல் இதழிலிருந்து ஒன்று விடாமல் முப்பத்தொரு புத்தகம். தனக்கு வந்த தபாலைத் தானே சுமந்து போய்த் தானே டெலிவரி வாங்கின ஆள்.

தகரப் பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். நான் கேட்காமலே குறையைச் சொல்லிக்கொண்டே வந்தார்.

“இது மூல எலி கடிச்சதுங்க. இதுல போட்டிக் கூப்பன வெட்டிட்டேன், பரிசு ஒண்ணியும் வரல. இதுல என் பொண்ணு பேர எழுதிப்புட்டா. மடிப்பு எல்லாத்துலயும் கீதுங்க. சந்தாக்காரனுக்கு நடுவால மடிச்சி, பட்டை ஒட்டித்தான் அனுப்புறான். நான் இன்னா பண்றது?”

“ஏன் விக்கிறீங்கண்ணே?” என்று கேட்டேன்.

“பொண்ணு மல்லிகாவுக்கு நர்சு படிப்புல எடம் கெடச்சிருக்குதும்மா. எங்க ஊர்ல இருந்து போற மொத ஆளு அவதான். பணத்த கட்டுனா சேத்துக்கிறாங்க.”

முதலாளி பாதி விலையைக் கொடுத்தார். அவர் அன்றைக்கே பஸ் ஏறிப் போய்ப் படிப்புக்குக் கட்டிவிட்டார்.

நான் படம் எடுத்தேன். நெகட்டிவ் என் மேஜைக்கு வந்தது. பெண்ணின் முகத்தில் மச்சத்தைப் பார்த்ததும் பென்சிலை எடுக்கிற கை, அட்டையின் மடிப்பைப் பார்த்ததும் சும்மா இருக்குமா? முப்பத்தொரு மடிப்பையும் நிரப்பினேன். எலி கடித்த மூலையைச் சேர்த்தேன். அட்டையில் இருந்த “மல்லிகா” என்ற பெயரையும் அழித்தேன். ஏமாற்ற வேண்டும் என்று நினைக்கவே இல்லை. நினைக்காமல் செய்தேன் என்பதுதான் இன்றைக்கும் எனக்கு ஆத்திரம். பிரிண்டுகள் அச்சகத்திலிருந்து அப்போதுதான் வந்த புத்தகங்களைக் காட்டின. அவற்றை வைத்துத்தான் பெரம்பூர்க்காரர் நல்ல விலைக்கு ஒத்துக்கொண்டார்.

4. இரண்டு வழி

பார்சல் திரும்பிய அன்று முதலாளி பதறவில்லை. அவரிடம் வழி இருந்தது.

“தபால்ல மடங்கிப் போச்சின்னு எழுது. தபால்காரன் தலைல போட்டுரு. யாரு கேக்கப் போறா?”

“மல்லிகான்னு பேரு கூடவா தபால்ல எழுதிக்கினு வந்துச்சு மொதலாளி?”

“வாய் ஜாஸ்தி ஆயிடுச்சி உனக்கு.”

“எழுத மாட்டேங்க.”

“அப்ப இன்னொரு வழிதான் கீது. மலைக்காரன் வாங்குனத திருப்பிக் குடுக்கட்டும். பேச்சு பேச்சுதான்.”

அந்தப் பணம் நர்ஸ் பள்ளியில் இருந்தது. திருப்பிக் கேட்டால் மல்லிகா பெட்டியைத் தூக்கிக்கொண்டு மலைக்குத் திரும்ப வேண்டியதுதான்.

“கிளாஸ் ஆரம்பிச்சே மூணு நாள்தான் ஆவுது மொதலாளி. நான் பென்சில்ல பண்ண தப்புக்கு அவ எதுக்கு படிப்ப வுடணும்?”

“அதுக்கு நான் இன்னா தருமச் சத்திரமா நடத்துறேன்? பத்து நாள் டைம். பெரம்பூரான்கிட்ட இருந்து பணம் வரல, மலைக்கு ஆள் போவும்.”

சொன்னதோடு நிற்கவில்லை. அன்றைக்கே பெரம்பூர்க்காரருக்கு ஒரு கடிதம் எழுதினார்: ‘இது எங்கள் ஊழியர் வசந்தா செய்த தவறு, ஸ்டுடியோவுக்குச் சம்பந்தம் இல்லை.’ கார்பன் காப்பியை என் மேஜையிலேயே வைத்துவிட்டுப் போனார், நான் பார்க்கட்டும் என்று.

சின்னப்பையனுக்கு யார் சொன்னார்களோ, மறுநாளே வந்து நின்றார். துண்டைக் கையில் சுருட்டிக்கொண்டு, “நான் போயி பொண்ண கூட்டிக்கினு வந்துர்றேம்மா. அடுத்த வருசம் பாத்துக்கலாம். உன் வேலைக்கு ஒண்ணும் ஆவக்கூடாது” என்றார்.

“நீங்க அந்தப் பக்கமே போகக் கூடாதுண்ணே. அடுத்த வருசம்னு ஒண்ணும் கெடையாது” என்றேன். கத்திவிட்டேன் என்றே சொல்ல வேண்டும். ஸ்டுடியோவில் படம் எடுக்க வந்திருந்த குடும்பம் திரும்பிப் பார்த்தது. பார்க்கட்டும்.

5. சைடு லைட்

முகத்துக்கு முன்னால் லைட் வைத்தால் குறை மறையும். பக்கவாட்டில் தாழ வைத்தால் ஒரு மயிரிழைச் சுருக்கம்கூட நிழல் விட்டு நிற்கும். ஸ்டுடியோவில் சைடு லைட்டைக் கண்டாலே விரட்டுவார்கள். நான் அதைத்தான் எடுத்தேன். என் சம்பளத்தில் ஃபிலிம் ரோல் வாங்கி, முப்பத்தொரு புத்தகத்தையும் குறை தெரியும்படி மறுபடி எடுத்தேன். மடிப்பு வாய்க்கால் மாதிரி தெரிந்தது. துருப்பிடித்த ஸ்டேப்ளர் பின், வெட்டின கூப்பன், எலிப் பல் பட்ட மூலை, மல்லிகாவின் கோணல் எழுத்து, எதையும் விடவில்லை. பிரிண்டுக்குப் பின்னால் அந்தந்தக் குறையை எழுதினேன்.

“குறைய வெளிச்சம் போட்டுக் காட்டி எவனாவது யாவாரம் பண்ணுவானா?” என்று முதலாளி சிரித்தார்.

“நான் பண்ணுவேன்” என்றேன்.

தபாலில் அனுப்ப நினைத்தேன். முடியவில்லை. இட ஒதுக்கீடு கேட்டு மறியல் நடந்த வருடங்கள் அவை. முதலாளியின் கடிதம் போன பிறகு, அந்த வாரம் ஊர் ஊராக ரோட்டில் மரத்தை வெட்டிச் சாய்த்திருந்தார்கள். பஸ் இல்லை, தபால் இல்லை. பத்து நாளில் ஐந்து நாள் போய்விட்டது. ஆறாம் நாள் ஒரு பஸ் புறப்பட்டது. புத்தகக் கட்டோடு ஏறினேன். எலவனாசூர்கோட்டைக்கு முன்னால் ரோட்டுக்குக் குறுக்கே பெரிய புளியமரம் கிடந்தது. டிரைவர் என்ஜினை அணைத்துவிட்டுப் பீடி பற்ற வைத்தார்.

இறங்கி நடந்தேன். மரத்தின் மேல் உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவர் கையை நீட்டித் தடுத்தார்.

“எங்கம்மா போய்க்கினு கீற? மூட்டைல இன்னா?”

“பொஸ்தகம். மெட்ராசுக்கு.”

“வூட்டுக்குத் திரும்பிப் போம்மா. எங்க புள்ளைங்களுக்குப் படிக்க எடம் வேணும்னு நாங்க இங்க ஒக்காந்துகினு கீறோம். உனக்கு பொஸ்தகம் கேக்குதா?”

“நானும் ஒரு பொண்ணுக்குக் கெடச்ச எடம் போயிடக் கூடாதுன்னுதான் போறேன். மலையில இருந்து நர்சு படிக்கப் போன பொண்ணு. இது போய்ச் சேரலன்னா அவ திரும்பிடுவா. நீங்க ஒக்காருங்க, நான் வேணாங்கல. என்னைத் தாண்ட வுடுங்க.”

அவர் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார். பிறகு எழுந்து, என் கட்டை வாங்கி மரத்துக்கு அந்தப் பக்கம் இருந்தவரிடம் கொடுத்தார். “பாத்து எறங்கும்மா, கெளை குத்தும்” என்றார்.

உளுந்தூர்பேட்டை வரைக்கும் நடை. செருப்பு ஒரு பக்கம் அறுந்துவிட்டது. மறுநாள் போலீஸ் காவலோடு விட்ட பஸ்ஸில் மெட்ராஸ் போய்ச் சேர்ந்தேன்.

6. பெரம்பூர்

அவர் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்ப்பவர். கதவைத் திறந்ததும் நான் யார் என்று சொன்னேன்.

“ஓ, நீதான் அந்த வசந்தாவா? போட்டோல ஒண்ணு, பார்சல்ல ஒண்ணு. நான் இன்னா கேணையன்னு நெனச்சியா?”

“போட்டோவுல அழிச்சது நான்தாங்க. கல்யாணப் பொண்ணு மூஞ்சில மச்சம் அழிக்கிற கை. தானாப் போயிடுச்சி. தப்புதான். ஆனா பொஸ்தகம் மாறல. இந்தப் படத்தப் பாருங்க, அப்புறம் திட்டுங்க.”

புதுப் பிரிண்டுகளைத் தரையில் பரப்பினேன். அதற்குப் பக்கத்தில் புத்தகங்களை வைத்தேன். அவர் உட்கார்ந்து ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்தார். பின்னால் எழுதியிருந்ததைப் படித்தார். நேரம் ஆக ஆகக் கோபம் கொஞ்சம் குறைந்தது.

“மடிப்பு எல்லாத்துலயும் ஒரே எடத்துல கீதே?”

“சந்தா காப்பிங்க. ஒரே ஆளுக்கு, முதல் இதழ்ல இருந்து தபால்ல வந்தது.”

“சரி. ஆனா போட்டோல பாத்த வெலைக்கு முடியாதும்மா. மடிப்புக்கு கம்மி பண்ணணும்.”

இங்கேதான் நான் பணிந்து போயிருக்கலாம். தப்பு செய்தவள், பணம் கிடைத்தால் போதும் என்று தலையாட்டியிருக்கலாம்.

“கூப்பன் வெட்டினதுக்குக் கொறைங்க. எலி கடிச்சதுக்குக் கொறைங்க. பேரு எழுதினதுக்கும் கொறைங்க. அதெல்லாம் என் சம்பளத்துல போவட்டும். மடிப்புக்கு ஒரு பைசா கொறைக்க மாட்டேன். இந்தத் தபால சொந்தக்காரரே தோள்ல சுமந்துகினு மல ஏறினாருங்க, முப்பத்தொரு தடவ. மடிக்காம வந்த பொஸ்தகம் கடையில வாங்கினது. அது எங்க வேணா கெடைக்கும். இது கெடைக்காது. வேணாம்னா கட்டிக்கினு போறேன்.”

உண்மையிலேயே கட்ட ஆரம்பித்தேன். பாதி கட்டும்போது அவர் கட்டைப் பிடித்து நிறுத்தினார்.

“இன்னா கோவம் வருது உனக்கு! வை கீழ.”

பணத்தை எண்ணிக் கொடுத்தார். ஒன்பதாம் நாள் அதை முதலாளி மேஜையில் வைத்தேன். குறைந்த தொகையை இரண்டு மாதச் சம்பளத்தில் பிடித்துக்கொண்டார். சின்னப்பையனுக்கு மீதிப் பாதி முழுசாகப் போனது. மல்லிகா படிப்பை விட்டு வரவே இல்லை.

7. கடிதம் யாருக்கு

அதற்குப் பிறகு காமிக்ஸ் எதையும் நான் முன் லைட்டில் எடுக்கவில்லை. முதல் பிரிண்டே குறையின் பிரிண்ட்தான். முதலாளி வைதார், நான் கேட்கவில்லை. நீங்களும் முதல் படமாகக் குறையைப் போடுங்கள். வாங்குகிறவன் குறைக்குப் பயப்படுவதில்லை, அதைத் தானாகக் கண்டுபிடிக்க நேருவதற்குத்தான் பயப்படுகிறான். இது நான் கற்றது.

பெரம்பூர்க்காரர் தன் கூட்டாளிகளுக்குச் சொல்லியிருக்கிறார். இரண்டு மாதத்தில் மதுரையிலிருந்து, சேலத்திலிருந்து கடிதங்கள் வர ஆரம்பித்தன. எல்லாவற்றிலும் முகவரி ஒன்றுதான்: வசந்தா, கேர் ஆஃப் ஸ்டுடியோ. ஒரு நாள் முதலாளி ஏழெட்டுக் கவர்களைக் கையில் வைத்துக்கொண்டு என் மேஜைக்கு வந்தார்.

“கடை என்னுது, கேமரா என்னுது. லெட்டர் மட்டும் உன் பேருக்கா?”

“தப்ப என் பேருக்குத்தானே எழுதி அனுப்புனீங்க மொதலாளி? லெட்டரும் அங்கியே வரட்டும்” என்று சொல்லிக் கையை நீட்டினேன்.

கொடுத்தார்.