அவளுக்கு மட்டும் தெரியாத நேரம்

குடியாத்தத்திலிருந்து ஆம்பூருக்குப் போகும் கம்பெனி பஸ்ஸில்தான் நான் எம்.ஏ. தமிழ் படித்தேன். அஞ்சல் வழிப் படிப்பு. ஷூ கம்பெனியில் தையல் லைனில் வேலை, வீட்டில் இரண்டு பிள்ளைகள். புத்தகத்தைத் திறக்க வேறு நேரம் கிடையாது. பஸ்ஸில் பக்கத்து சீட்டில் என் தோழி உட்காருவாள். லைனிலும் அடுத்த மெஷின் அவளுடையதுதான். படித்ததை அவளிடம் சொல்லிப் பார்ப்பேன். அவளுக்குப் புரிந்தால்தான் எனக்கும் புரிந்தது என்று கணக்கு.

ஒரு நாள் முரண்நகை என்ற பாடம் வந்தது.

"அப்டின்னா இன்னாடி?" என்றாள்.

"கதையில வர்றது. மூணு வகை. சொல்றது ஒண்ணு, அர்த்தம் வேறன்னா அது சொல் முரண்நகை. உன் வூட்டுக்காரரை 'எங்க மகாராஜா'ன்னு சொல்றியே, அது மாதிரி."

சிரித்தாள். அவள் கணவர் ஆம்பூரில் தோல் பதனிடும் டேனரி ஒன்றில் பாதுகாப்பு சூப்பர்வைசர். தோல் ஊறும் தொட்டியடியில் வேலையைத் தொடங்கி அந்த இடத்துக்கு வந்தவர். வீட்டிலும் அதே வேலைதான். படுக்கும் முன் கேஸ் மூடியிருக்கிறதா என்று பார்ப்பார். ஈரக் கையோடு ஸ்விட்சைத் தொட்டால் கத்துவார். மகாராஜா பட்டம் அதற்காகத்தான்.

"ரெண்டாவது, நாம ஒண்ணு நெனச்சு செய்வோம், நேர்மாறா நடந்துடும். இடிக்குப் பயந்து ஓடிப் போய் நின்ன இடத்துலயே இடி விழுந்தா? அது சூழல் முரண்நகை. மூணாவது, படிக்கிற நமக்குத் தெரியும், கதையில இருக்கறவளுக்குத் தெரியாது. அவ பாட்டுக்கு சிரிச்சிட்டிருப்பா. நமக்குப் பகீர்னு இருக்கும். நாடக முரண்நகை."

"அய்ய, அது ரொம்ப மோசம்" என்று முகத்தைச் சுளித்தாள்.

சில நாள் கழித்து ஒரு காலை. இரவெல்லாம் மழை. பஸ் ஊருக்குள் நுழையும்போதே நாற்றம் வந்துவிட்டது. எங்கள் பக்கத்தில் தோல் நாற்றம் யாருக்கும் புதிதில்லை. அன்றைக்கு வந்தது அழுகிய முட்டை நாற்றம். கேட்காமலே எல்லாரும் ஜன்னலைச் சாத்தினார்கள்.

சாப்பாட்டு நேரம் முடிந்து உட்கார்ந்ததும் சூப்பர்வைசர் மேடம் என்னை மட்டும் ஸ்டோர் ரூம் பக்கம் கூப்பிட்டார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"உன் சிநேகிதி வூட்டுக்காரர் டேனரியில கழிவுநீர் டேங்க் கழுவ எறங்குன ரெண்டு பேர் மயங்கிட்டாங்களாம். காப்பாத்தப் போயி இவரும் எறங்கிட்டாரு. வேலூருக்குத் தூக்கிட்டுப் போறாங்க. பொழைக்கறது கஷ்டம்னு சொல்றாங்க. அவ கொழுந்தனார் கார் எடுத்துட்டு வர்றாரு. அது வரைக்கும் அவளுக்குத் தெரிய வேணாம். பக்கத்துலயே இரும்மா."

போன்களை எல்லாம் வாசலில் லாக்கரில் வைத்துவிட்டுத்தான் உள்ளே வருவோம். அதனால் அவளுக்குச் செய்தி வர வழியில்லை.

திரும்பி வந்து உட்கார்ந்தேன்.

"இன்னா மேடம் கூப்ட்டாங்க? ரிஜெக்ட் ஜாஸ்தியா?"

"ம்."

"வுடு. சாயந்திரம் நான் உங்கூட பஸ்ல வர மாட்டேன். எங்க மகாராஜா சீக்கிரம் வர்றேன்னு வாக்கு குடுத்திருக்காரு. பாப்பாவுக்கு டிரெஸ் எடுக்க வேலூர் போறோம்."

செய்தி லைனில் ஒவ்வொரு மெஷினாக நகர்ந்து வந்ததை நான் பார்த்தேன். ஒருத்தி குனிந்து அடுத்தவளிடம் ஏதோ சொல்வாள். அடுத்தவள் எங்கள் பக்கம் பார்ப்பாள், உடனே தலையைத் திருப்பிக்கொள்வாள். என் தோழி டிரெஸ்ஸின் நிறத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே தைத்துக்கொண்டிருந்தாள்.

நூல் கொடுக்கும் அக்காவுக்கு ஆள் யார் என்று தெரியாது. வந்ததும் வராததுமாகச் சொல்லிவிட்டார்: "கேட்டீங்களா? ஏதோ டேனரில டேங்க்ல எறங்குன ஆளுங்க விழுந்துட்டாங்களாம்."

தோழி மெஷினை நிறுத்தினாள். "ஐயோ. எங்க வூட்டுக்காரர் தலபாடா அடிச்சிப்பாரு. உள்ள விஷக் காத்து இருக்கான்னு பாக்காம எறங்காதீங்கடான்னு. யார் கேக்கறாங்க?" பிறகு என் பக்கம் திரும்பினாள். "பாவம்டி. அவன் பொண்டாட்டிகிட்ட யார் போயி சொல்லுவாங்களோ."

நான் கையிலிருந்த தோலையே பார்த்துக்கொண்டிருந்தேன். எங்களைச் சுற்றி ஒரு மெஷினும் ஓடவில்லை. அதை அவள் கவனிக்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் மேடம் வந்தார். "வூட்லேர்ந்து ஆள் வந்திருக்காங்கம்மா, வா" என்றார். தோழி எழுந்தாள். வாசல் வரை நானும் போனேன். பாதி வழியில் அவள் நின்றாள்.

"என் பையை எதுக்கு மேடம் தூக்கிட்டு வர்றாங்க?" என்று என்னிடம் கேட்டாள்.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். அப்புறம் கேட்கவில்லை.

காரில் நானும் ஏறிக்கொண்டேன். நாங்கள் வேலூர் போய்ச் சேர்வதற்கு முன்பே அவர் இறந்திருந்தார். முதலில் இறங்கியவர்களில் ஒருவரும் போய்விட்டார். இன்னொருவரைத் தோழியின் கணவர் மேலே தள்ளிவிட்டிருந்தார், அந்த ஆள் பிழைத்தார். மூச்சுக் கருவி அன்றைக்கு வேறொரு யூனிட்டுக்குப் போயிருந்ததாம். உள்ளே முனகல் கேட்டதும், "வருது, இருங்க சார்" என்று மற்றவர்கள் சொல்லச் சொல்ல இறங்கியிருக்கிறார். கருவி இல்லாமல் யாரும் இறங்கக் கூடாது என்ற பலகையை அந்தத் தொட்டிக்குப் பக்கத்தில் மாட்டியவர் அவர்தான்.

தேர்வில் முரண்நகைக் கேள்வி வந்தது. பாடப் புத்தகத்தில் இருந்த உதாரணங்களையே எழுதிவிட்டு வந்தேன்.

சில மாதம் கழித்து அவள் வேலைக்குத் திரும்பினாள். அதே மெஷின். ஒரு நாள் சாப்பிடும்போது திடீரென்று கேட்டாள்.

"மேடம் உன்ன கூப்ட்டாங்களே, அப்பவே தெரியுமா?"

"தெரியும்."

"நான் டிரெஸ் பத்திப் பேசினப்ப?"

"தெரியும்."

"லைன்ல எல்லாருக்குமா?"

தலையசைத்தேன். டிபன் பாக்ஸை மூடினாள்.

"உம்மேல கோவம் இல்லடி. ஆனா இப்பல்லாம் யாராச்சும் பேச்சை நிறுத்துனாலே பாப்பாவுக்கு ஏதோ ஆயிடுச்சுன்னு தோணுது. சிரிச்சிப் பேசினாலும் அப்டித்தான் தோணுது. நீ பேசினாலும்."

அப்போது கேன்டீனின் அந்தக் கோடியிலிருந்து மேடம் எங்கள் பக்கமாக வந்தார். தோழி என் மணிக்கட்டைப் பிடித்தாள். மேடம் யாரையோ தேடிக்கொண்டு எங்களைத் தாண்டிப் போனார். அதற்குப் பிறகும் அவள் பிடியை விடவில்லை.