கையில் கோயில் ஏந்திய அரசன்

ஜெர்மனியில், பீலெஃபெல்டில் ஒரு முதியோர் இல்லச் சமையலறையில் நான் பாத்திரம் கழுவிய காலம். என்னோடு நின்ற ருமேனியாக்காரி தன் உடுப்பு அலுமாரிக் கதவின் உட்பக்கம் ஒரு படம் ஒட்டியிருந்தாள். தலையில் கிரீடத்தோடு ஒரு தாடிக்காரன். உள்ளங்கையில் குட்டிக் கோயில் ஒன்றை வைத்து, கேக் நீட்டுவது மாதிரி யேசுவுக்கு நீட்டிக்கொண்டு நின்றான்.

யாரென்று கேட்டேன். ஐந்நூறு வருடங்களுக்கு முன் தங்கள் பக்கத்தை ஆண்ட சிற்றரசன் என்றாள். அவள் நாட்டிலேயே பலருக்கு அவனைத் தெரியாதாம். துருக்கியர் ஒரு பக்கம், போலந்துக்காரர் மறுபக்கம் நெருக்க, சொந்தபந்தம் அரியணைக்கு அடிபட்ட காலம். மூன்று தரம் ஏறி மூன்று தரம் இறங்கியவன். முதல் தரம் ஏறியது, கலியாண வீட்டில் சாப்பிட வந்திருந்த சொந்தச் சகோதரனின் தலையை வெட்டித்தான். பிறகு கோயில் கட்டினான். அதன் சுவரில் தன்னையும் வரைவித்துக்கொண்டான்.

வெட்டிய கையைக் கழுவாமலே கோயிலைத் தூக்கியிருக்கிறான். "இந்தக் கொலைகாரனைப் பார்த்துக்கொண்டா உடுப்பு மாற்றுகிறாய்? கிழித்துப் போடு" என்று எனக்குத் தெரிந்த ஜெர்மனில் சொன்னேன். அவள் கோபிக்கவில்லை. "அந்தக் கோயிலில்தான் எனக்கு ஞானஸ்நானம் தந்தார்கள். எங்கள் ஊரில் வேறு கோயில் இல்லை" என்றாள்.

நல்ல சாட்டு என்று நினைத்தேன். ஒரு கிழமை அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

அடுத்த வருடம் எங்களுக்கு மகள் பிறந்தாள். ஞானத்தந்தை யாரென்று என் கணவர் யோசிக்கவே இல்லை, ஒருவரைத்தான் சொன்னார். எங்கள் தமிழ்ப் பூசையில் வாசகம் வாசிக்கிறவர், திருநாள் பவனியில் மாதா சுருவத்துக்குத் தோள் கொடுக்கிறவர், எல்லாருக்கும் அண்ணை. அவருடைய வலது சுட்டுவிரல் பாதிதான். அந்த விரலை நான் யாழ்ப்பாணத்தில் ஒரு சைக்கிள் ஹாண்டிலில் பார்த்திருக்கிறேன். விடுதலை இயக்கங்கள் ஒன்றையொன்று சுட்டுக்கொண்டிருந்த நாட்கள். எங்கள் வீட்டு வாசல் படலையில் வந்து நின்று, "தங்கச்சி, உங்கடை அண்ணை நிக்கிறாரோ?" என்று கேட்டார். எனக்கு ஒன்பது வயது. "ஓம், கிணத்தடியிலை குளிக்கிறார்" என்றேன். கூட்டிக்கொண்டு போனார். அண்ணாவைப் பிரேதமாகத்தான் திருப்பித் தந்தார்கள். என்னை அவருக்கு இன்றுவரை அடையாளம் தெரியவில்லை.

"அவர் வேண்டாம்" என்றேன் கணவரிடம்.

"ஏன்? அந்த மனிசன் எழுதித் தராட்டி எங்கடை அகதி அசூல் கேஸ் எப்பவோ குப்பைக்கை போயிருக்கும். நாங்கள் இஞ்சை இருந்திருக்க ஏலாது. காரணத்தைச் சொல்லும்."

காரணத்தைச் சொன்னால், படலையில் நின்று ஆளைக் காட்டிய பெட்டையையும் சொல்ல வேண்டும். அம்மாவுக்கே சொல்லாத கதை. "சும்மாதான் சொன்னனான்" என்றேன். என் வாயை நினைக்க எனக்கே அருவருப்பாக இருந்தது.

பாதிரியார் தண்ணீர் ஊற்றும்போது மகள் அந்த ஞானத்தந்தையின் கையில்தான் கிடந்தாள். அழக்கூட இல்லை.

வேலைக்குத் திரும்பிய அன்று ருமேனியாக்காரி ஞானஸ்நானப் படம் ஒன்று கேட்டாள். பையில் இருந்ததைக் கொடுத்தேன். என் பிள்ளையின் பிடரிக்குக் கீழே அந்த அரைவிரல். "யார் இந்த ஐயா? நல்ல முகம்" என்றாள். "பிள்ளையின் ஞானத்தந்தை" என்றேன். அவள் அலுமாரிக் கதவைத் திறந்து, அரசனுக்குப் பக்கத்தில் அதை ஒட்டினாள். கிழித்துப் போடு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.