மாதாவின் காலடியில் இருந்த கடதாசி

கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்த என் தங்கை பெந்தெகொஸ்தே சபைக்குப் போகத் தொடங்கியதையே என்னால் பொறுக்க முடியவில்லை. இனி வீட்டில் சுரூபம் வைக்கமாட்டாளாம் என்று கேள்விப்பட்டதும், அம்மா கும்பிட்ட மாதா சிலையை எடுத்துவரக் குருநகரிலுள்ள அவள் வீட்டுக்கு ஓட்டோவில் போய் இறங்கினேன்.

"மாதாவை வெளியிலை விடுறவள் கிறிஸ்தவளே இல்லை!" என்று அவளுடைய புருசனுக்கு முன்னாலேயே கத்தினேன்.

அவள் சுரூபத்தைத் துடைத்து, வெள்ளைத் துவாயில் சுற்றித் தந்தாள். வாசல் படலைவரை வந்து, புருசன் காணாதபடி என் கையில் ஒரு மடித்த கடதாசியை வைத்தாள்.

"அக்கா, இது மாதாவின்ரை காலடியிலை கிடந்தது. எப்பவோ கண்டனான். ஒருத்தருக்கும் சொல்லேல்லை."

பிரித்துப் பார்த்தேன். என் மகனுக்குக் கலியாணம் சரிவரவில்லை என்று, பங்குத்தந்தைக்கும் கணவருக்கும் தெரியாமல் இணுவில் சாத்திரியார் ஒருவரிடம் நான் எழுதுவித்த சாதகம் அது. முன்பு தங்கையைப் பார்க்க வந்த ஒருநாள், மாதா பார்த்துக்கொள்வார் என்று நான்தான் அங்கே ஒளித்துவைத்தேன்.

"கவனமாய்ப் போங்கோ" என்றாள் தங்கை.

மாதா இப்போது என் வீட்டில் இருக்கிறார். செபமாலை சொல்லும்போது அவருடைய முகத்தை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. சாதகத்தை நான் இன்னும் கிழிக்கவுமில்லை.