காசிம் நானாவின் பிறை முத்திரை

காசிம் நானா, உங்களைக் கேட்காமல் உங்கள் முத்திரையை எடுத்தேன். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நாங்கள் நாகூர்க்காரர்கள். அண்ணனை நானா என்போம். நானாவும் நானும் பினாங்கு டத்தோ கெராமட் ரோட்டில் ஒரு பட்டறையில் லோரிகளுக்கு அடியில் பாரம் தாங்கும் ஸ்பிரிங் பட்டை அடித்தோம். அவர் மௌத்தாகி, அடக்கம் செய்து ஐந்து மாதம் ஆகிறது. புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் அவரைப் பற்றி என்னிடம் கேட்கிறார்கள். அவர்கள் கேள்விப்பட்டதில் பாதி தப்பு. நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். தெரிந்த மாதிரி எழுதுகிறேன்.

1. பட்டறை

முதலில் அது மாட்டுவண்டிச் சக்கரத்துக்கு இரும்புக் கட்டுப் போடும் இடமாக இருந்தது. பிறகு ஊரில் மோட்டார் பெருகியது. ஸ்பிரிங் ஒடிந்தால் சீமையிலிருந்து கப்பலில் வர வேண்டும். அதுவரை வண்டி மாதக் கணக்கில் நிற்கும். முதலாளி, "ஒடிஞ்சதைக் கொண்டா, அதே மாதிரி நாமளே அடிப்போம்" என்றார். முதல் வருஷம் அடித்ததெல்லாம் ஒடிந்தது. மேஸ்திரி சுப்பையா ஆசாரிதான் எண்ணெயில் முக்கும் பதத்தைக் கண்டுபிடித்தார். அப்புறம் ஈப்போவிலிருந்துகூட ஆள் வந்தது.

பட்டையைச் செக்கச் சிவக்கக் காய்ச்சி, வளைத்து, எண்ணெயில் முக்கி, மறுபடி இளஞ்சூட்டில் வாட்டுவோம். சூடு தணிந்ததும் கம்பியில் தொங்கவிட்டுச் சின்னச் சுத்தியால் தட்டுவோம். நல்ல பட்டை நீளமாகப் பாடும். உள்ளே கீறல் இருந்தால் சத்தம் சட்டென்று செத்துப்போகும். பாடினால்தான் நுனியைச் சூடுகாட்டி, அடித்தவன் தன் முத்திரையைக் குத்தலாம். நானாவின் முத்திரை பிறை. அவரைப்போலத் தட்டிக் கேட்கிறவன் பட்டறையில் கிடையாது. கண்ணை மூடிக்கொண்டு, சத்தம் முழுதாக அடங்குகிறவரை நிற்பார். மேஸ்திரிகூட, "போதும்டா, பட்டையைக் கட்டிக்கப் போறியா?" என்று சீண்டுவார்.

பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. ஆள் செத்தாலோ வேலையை விட்டாலோ, அவன் முத்திரை உளியை அன்றைக்கே அரத்தால் ராவி மொட்டையாக்க வேண்டும். இல்லாதவன் பெயரில் யாரும் குத்தக் கூடாது.

2. மத்தியான நேரம்

நானா காய்ச்சலில் நாலே நாளில் போய்விட்டார். மேஸ்திரி அவருடைய உளியை என் கையில் கொடுத்தார்.

"நீயே ராவிப்புடு தம்பி. அதான் மரியாதை."

அரத்தை வைத்தேன். கை போகவில்லை. வேறு ஒரு பழைய உளியை ராவிக் காட்டிவிட்டு, பிறையை இடுப்பு பெல்ட்டில் வைத்துக்கொண்டேன். அது அங்கேயே இருந்தது. தூங்கும்போதும் கழற்றவில்லை.

நானாவின் பட்டடைக்கல்லை எனக்கே கொடுத்தார்கள். மத்தியானம் எல்லாரும் சாப்பிடப் போனால் நான் மட்டும் இருப்பேன். சூடு இறங்கும்போது தொங்குகிற பட்டைகள் டிக் டிக் என்னும். அது எல்லாருக்கும் தெரிந்த சத்தம். ஒரு நாள் அப்படி இல்லை. ஒரு பட்டை பாடியது. சுத்தியால் தட்டினால் வருகிற பாட்டு. திரும்பிப் பார்த்தேன். சின்னச் சுத்தி ஆணியில் இருந்தது. பட்டை மட்டும் லேசாக ஆடிக்கொண்டிருந்தது.

பயம் வரவில்லை. நானா வேலையை விடவில்லை என்று நினைத்தேன். அன்றைக்கு நான் அடித்த பட்டையில் பிறையைக் குத்தினேன். தட்டிப் பார்க்கவில்லை. அவர் முத்திரை விழுந்தால் பட்டை நன்றாகத்தான் இருக்கும் என்று மனதில் பட்டது. அப்படி மொத்தம் நான்கு பட்டைகளில் குத்தினேன்.

3. ஒடிந்தது

பாலிக் புலாவிலிருந்து ஜாதிக்காய் ஏற்றி வரும் டிரைவர் முத்து ஒரு காலை வந்தார். ஒரு கையைத் துணியில் கட்டித் தொங்கவிட்டிருந்தார். மலை வளைவில் மெயின் பட்டை ஒடிந்து, லோரி பள்ளத்தில் சாய்ந்திருக்கிறது. ஒடிந்த துண்டை முதலாளி முன்னால் போட்டார்.

"உங்க காசிம் அடிச்சது. பிறை இருக்கு, பாருங்க. அவரு போனதுமில்லாம என்னையும் கூட்டிட்டுப் போகப் பாத்தாரு லா."

முதலாளி முகம் கறுத்தது. "இனிமே பிறை போட்டது ஒண்ணும் வெளிய போகக் கூடாது. எல்லாத்தையும் உலையில போடு."

மேஸ்திரி துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மொதலாளி, இந்த இரும்பு போன கப்பல்ல வந்தது. பழைய இரும்பை விடக் கனம் கொஞ்சம் கூட. இது எறங்குறதுக்கு முன்னாடியே காசிமைப் பொதைச்சிட்டோம்."

சம்மட்டிகள் ஒவ்வொன்றாக நின்றன. துருத்தி போடுகிறவன் எழுந்து வாசலுக்குப் போய்விட்டான். ரேக்கிலிருந்த பிறைப் பட்டைகளை உலையில் போட யாரும் தொடவில்லை. நான் சட்டையை இழுத்து பெல்ட்டை மூடிக்கொண்டேன்.

மூன்று நாளில் பேச்சு ஊரெல்லாம் போனது. காசிமுடைய ரூஹு, அதாவது ஆவி, அடங்கவில்லை, பட்டறையில் சுற்றுகிறது என்றார்கள். பக்கத்து வீட்டுப் பெண்கள் எங்களைப் பெற்ற உம்மாவிடமே சொல்லிவிட்டார்கள். உம்மா சோற்றைத் தள்ளி வைத்தார்.

"புள்ளைக்கு என்னடா கொறை வச்சோம்? கபுருக் குழியில படுக்க விடாம எவன்டா அவனை வேலைக்குக் கூப்புடுறது?"

கூப்பிட்டவன் நான்தான்.

4. கணக்கு உதைத்தது

மறுநாள் முதலாளி, மேஸ்திரி, டிரைவர் முத்து, வேலையாட்கள் எல்லார் முன்னாலும் பெல்ட்டிலிருந்து உளியை எடுத்து வைத்தேன். எல்லாம் சொன்னேன். முதலாளி அறைந்தார். வலித்தது, ஆனால் மூச்சு விட முடிந்தது.

மேஸ்திரி கேட்டார். "எத்தனை குத்துன?"

"நாலு. ஒண்ணு ஒடிஞ்சிருச்சு. ரேக்குல மூணு."

அவர் போய் எடுத்து வந்து தரையில் வரிசையாக வைத்தார். நான்கு இருந்தன. நான்கும் புது இரும்பு.

"நல்லா நெனச்சுப் பாரு தம்பி."

"மூணுதான் மேஸ்திரி. உளி என்னை விட்டு எறங்கவே இல்ல."

ஒவ்வொன்றாகத் தொங்கவிட்டுத் தட்டினார். இரண்டு சட்டென்று செத்தன. ஒன்று சுமாராகப் பாடியது. நான்காவதைத் தட்டினார். அது நிற்கவே இல்லை. தெருவில் போன ரிக்‌ஷா மணிச் சத்தத்தையும் தாண்டிக் கேட்டது. மேஸ்திரி கண்ணை மூடிக்கொண்டார். யாரும் அவரைச் சீண்டவில்லை.

முதலாளி மெதுவாக, "அதையும் உலையில போட்டுரலாம்" என்றார்.

டிரைவர் முத்து குறுக்கே வந்தார். "வேணாம் மொதலாளி. அதை என் லோரிக்குப் போடுங்க."

"பயமில்லையாய்யா உனக்கு?"

"தட்டிப் பாக்காம முத்திரை குத்துனவன் உசுரோட நிக்கிறான். அவனைப் பாத்தாத்தான் எனக்குப் பயம். இதை எவன் அடிச்சிருந்தாலும் தட்டிப் பாத்துத்தான் குத்தியிருக்கான்."

அந்தப் பட்டை இன்றைக்கும் அவர் லோரியில் மலை ஏறி இறங்குகிறது. என்னைத் துருத்திக்கு அனுப்பினார்கள். ஒரு வருஷம் கழித்துத்தான் மறுபடி சம்மட்டி தருவார்களாம். அது நியாயம்தான்.

புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்வது இதுதான். உன் வேலையில் உன் முத்திரையைக் குத்து. எவ்வளவு பிரியமானவர் பெயரையும் அதில் போடாதே. குறை உன்னுடையதாக இருக்கும், ஏச்சு அவருக்குப் போகும்.

நானா அடங்காமல் அலைகிறார் என்று இன்னமும் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அந்த நான்காவது பட்டையைப் பற்றி எனக்கும் பதில் தெரியாது. ஆனால் ஒடிந்தது என் கை வேலை, அவருடையதல்ல. இதைப் படிக்கிறவர்கள் எந்த மதமாக இருந்தாலும், காசிம் நானாவின் கபுரில் வெளிச்சம் இருக்கட்டும், அவர் நிம்மதியாகத் தூங்கட்டும் என்று ஒரு தடவை இறைவனிடம் துஆ கேளுங்கள்.