எழும்பாமல் இருந்து பார்த்த படம்

ங்ங்ங்ங்... என்று ஒரு சத்தம்.

காதுக்குள் ஏதோ புகுந்து சுற்றுவது போல. மெல்லியதாய், விடாப்பிடியாய், எந்தப் பக்கத்தால் வருகிறது என்று சொல்ல முடியாததாய். கடந்த சனிக்கிழமை, கிளிநொச்சியில் ஒரு சனசமூக நிலைய மண்டபத்தில், கதவு யன்னல் எல்லாம் சாத்திய இருட்டுக்குள் அந்தச் சத்தம் கேட்டது.

திரையில்தான் கேட்டது. படத்தில் ஆளில்லாத வேவுப்பொறி ஒன்று நகரத்துக்கு மேலே சுற்றுகிறது. இளசுகள் எல்லோரும் திரையைப் பார்த்தார்கள். நாற்பது தாண்டிய நாங்கள் எல்லோரும், ஒருவர் மிச்சமில்லாமல், தலையை உயர்த்திக் கூரையைப் பார்த்தோம்.

தகரக் கூரை. ஆடிக்கொண்டு சுற்றும் ஃபேன். ஒரு பல்லி. வேறொன்றும் இல்லை.

சண்டை நடந்த அந்த நாளில் அந்தப் பொறியை 'வண்டு' என்றுதான் சொன்னோம். வண்டு சுற்றினால் அடுத்து என்ன வரும் என்று நாய்க்கும் தெரிந்திருந்தது. இப்போது அதே சத்தத்தைக் கலியாண வீட்டுக்காரர் காசு கொடுத்துப் பிடித்து, மாப்பிள்ளை பொம்பிளைக்கு மேலே பறக்க விடுகிறார்கள். வீடியோ எடுக்கிறதாம். எங்கள் பக்கத்துக் கலியாண வீடியோக்களைப் பாருங்கள்... பெரியவர்கள் அத்தனை பேரும் அண்ணாந்து முழுசிக்கொண்டு நிற்பார்கள்.

"அங்க பாரடி, அம்மாக்கள் எல்லாம் கூரையில படம் பார்க்கினம்!" என்றது முன்வரிசையில் ஒரு குரல். மண்டபம் சிரித்தது. நாங்களும் சிரித்தோம். சிரிக்காமல் என்ன செய்வது?

எனக்குப் பக்கத்தில் இருந்த றெஜினாக்கா மட்டும் சிரிக்கவில்லை. அவர் கதிரையை விட்டுப் பாதி எழும்பியிருந்தார்.

அந்தப் பாதியைப் பற்றித்தான் இந்தக் கிழமைப் பத்தியில் சொல்ல வேண்டும். ஆனால், முதலில் படம்.

எங்கள் வாசகர் வட்டம் மாதத்தில் ஒரு சனிக்கிழமை படம் போடும். வாசகர் வட்டத்துக்கு ஏன் படம் என்று கேட்காதீர்கள். புத்தகம் பற்றிப் பேசினால் நான்கைந்து பேர் வருகிறோம், அதிலும் இருவர் தேத்தண்ணீருக்கு. படம் என்றால் இருக்கக் கதிரை போதாது. போன மாதம் தமிழில் பேசவைத்த ஒரு வெளிநாட்டுப் படத்தின் முதலாம் பகுதி போட்டார்கள். இந்த மாதம் அதன் இரண்டாம் பகுதி. பெயர் சொல்லமாட்டேன். சொன்னால் உங்கள் வீட்டுப் பிள்ளைகள் மிச்சக் கதையையும் உங்களுக்குச் சொல்லிவிடுவார்கள்.

கதை இதுதான். வருங்காலத்தில் ஒரு நகரம். மழை இல்லை. தண்ணீரை ஒரு பெரிய கதவுக்குப் பின்னால் பூட்டி வைத்திருக்கிறது அரசாங்கம். முதலாம் பகுதியில் பதினாறு வயதுப் பிள்ளை ஒருத்தி மதில் பாய்ந்து தப்பிவிடுகிறாள். இரண்டாம் பகுதியில், உள்ளே விட்டுவிட்டு வந்த தம்பிக்காரனைக் கூட்டிவரத் திரும்பிப் போகிறாள்.

உலகத்துக்கு இது நடக்கப்போகிற கதை. எங்கள் மண்டபத்துக்கோ...

"கொஞ்சம் பொறுங்கோ, அவள் கையில ஒரு பானையாவது இருக்கோ?" என்று ஆரம்பித்தார் இரண்டாம் வரிசை அக்கா ஒருவர். "மாதக்கணக்கா ஓடுறாள். என்னத்தில காய்ச்சிக் குடிக்கிறாள்?"

"அதை விடுங்கோ, தலைமயிரைப் பாருங்கோ. என்ன பளபளப்பு! இவ்வளவு சனத்தோட படுத்தெழும்பிறவளுக்கு ஒரு பேன் கூடவோ இல்லை?"

கதாநாயகியும் கூட்டாளிகளும் பதுங்குகுழி வெட்டுகிற காட்சி வந்தது. நேராக, நீளமாக, வாய்க்கால் மாதிரி ஒரு கிடங்கு. அவ்வளவுதான். மண்டபத்தில் பாதி ஒரே குரலில், "ஐயோ, வளைவு இல்லை!" என்றது. குண்டுச் சிதறல் நேரே பாயும்; வளைவில்லாத குழிக்குள் இருப்பதும் ஒன்று, வெளியில் நிற்பதும் ஒன்று. இதை எங்களுக்கு எந்தப் பள்ளிக்கூடமும் படிப்பிக்கவில்லை. படமெடுத்தவர்களுக்குக் காசு நிறைய இருந்திருக்கும், பாவம், கேட்க ஆள் இல்லை.

"உஸ்ஸ்... கதைக்காதேங்கோ!" என்றது முன்வரிசை. அங்கே வேறு யுத்தம் நடந்துகொண்டிருந்தது. கதாநாயகிக்கு இரண்டு பெடியள். ஒருவன் சுருள் முடி, மற்றவன் கோபக்காரன். யாரை அவள் கட்டவேண்டும் என்பதில் எங்கள் பிள்ளைகள் இரண்டு கட்சியாகப் பிரிந்து போன மாதம் தொடக்கம் பேச்சுவார்த்தை இல்லாமல் இருக்கிறார்கள்.

"இந்த நேரத்திலயும் காதலோ?" என்று அலுத்துக்கொண்டார் பானை கேட்ட அக்கா.

அவருடைய மச்சாள் விடவில்லை. "ஏன் மச்சாள், உங்கட கலியாணம் எங்க நடந்தது? இடம்பெயர்ந்து போற வழியில புளியமரத்துக்குக் கீழயெல்லோ!"

இப்படி ஒரு பார்வையாளர் கூட்டம் வேறு எந்த ஊரில் கிடைக்கும்?

சரி. றெஜினாக்காவுக்கு வருகிறேன்.

முல்லைத்தீவுக் கரையில் கருவாடு போடுகிறவர். மண்டபத்தில் படம் போடும் சனிக்கிழமைகளில் கருவாட்டுப் பையோடு பஸ் ஏறி வருவார். கிளிநொச்சிச் சந்தையில் கொடுத்துவிட்டு, கதவடிக் கதிரையில் வந்து இருப்பார். நானும் கதவடிக்காரிதான். எனக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாது என்பது உங்களுக்குத் தெரியும். இந்தப் பத்தியில் பாதி பஸ்ஸிலும் பாலத்தடியிலும் வைத்து எழுதியதுதான். ஆனால் நான் எழும்பி வெளியே போனாலும் திரும்பி வந்துவிடுவேன். றெஜினாக்கா போனால் போனதுதான். எல்லோரும் செருப்பை வாசலில் கழற்ற, அவர் மட்டும் பிளாஸ்ரிக் சொப்பின் பைக்குள் போட்டு மடியில் வைத்திருப்பார். எழும்பினால் செருப்பைத் தேடிக்கொண்டு நிற்கக்கூடாது.

போன மாதம் முதலாம் பகுதியில், நகரத்து மதில் கதவைப் பூட்டும் காட்சிக்கே போய்விட்டார்.

இந்த மாதம் வந்தவர், கதவடிப் பக்கம் திரும்பியும் பார்க்கவில்லை. என் கையைப் பிடித்தார்.

"தங்கச்சி, என்னை நடுவில இருத்துங்கோ. நீங்களும் பக்கத்தில இருங்கோ."

"நடுவிலயோ? ஏனக்கா?"

"ரெண்டு பக்கமும் ஆக்கள் இருக்கவேணும். எழும்பினால் ஆக்களை மிதிச்சுக்கொண்டு போகவேண்டியதா இருக்கவேணும். அப்பதான் எழும்பமாட்டன்."

காரணத்தை லைற் அணைப்பதற்கு முன்னரே சொல்லிவிட்டார். மகள் ஜெனிற்றா வவுனியாவில் தங்கிப் படிக்கிறாள், முன்பள்ளி ஆசிரியர் பயிற்சி. முடிந்துவிட்டது. அடுத்த கிழமை சான்றிதழ் கொடுக்கிற விழா. பெரிய மண்டபம். கதவைப் பூட்டினால் கூட்டம் முடியும்வரை திறக்கமாட்டார்களாம். வீட்டுக்கு ஒருவர் போகலாம்.

"நீங்கள் வரவேண்டாம் அம்மா எண்டு சொல்லிப்போட்டாள்."

ஜெனிற்றாவிலும் பிழை சொல்ல முடியாது. பள்ளிக்கூடப் பரிசளிப்பு விழாவில் அவளுடைய பெயரை வாசித்தபோது, மேடையில் நின்று அவள் தேடியது அம்மாவை. கண்டது வெறுங்கதிரையை. அப்போது சின்னப்பிள்ளை. இப்போதும் அந்தக் கதிரை அவளுடைய கண்ணுக்குள் கிடக்கிறது. "நடுவில எழும்பிப் போவீங்கள். எனக்கு அது இன்னொருக்கால் ஏலாது" என்றாளாம். கோபமாகச் சொல்லியிருந்தால் றெஜினாக்கா திருப்பி ஏசியிருப்பார். மெதுவாகச் சொன்னாளாம்.

"அதுதான் பழகிப் பார்க்கிறன்" என்றார் றெஜினாக்கா. "இந்தப் படம் ரெண்டு மணித்தியாலத்துக்கு மேல எண்டு சொன்னவை. இதில இருந்திட்டன் எண்டால் அதிலயும் இருப்பன்."

ஜெனிற்றாவும் அன்று மண்டபத்தில்தான் இருந்தாள், வவுனியாவில் கூடப் படித்த தோழிகளோடு முன்வரிசையில். சுருள்முடிக் கட்சி. உள்ளே வரும்போது வாசலடியில் அம்மாவைக் கண்டு கிட்ட வந்தாள். "எழும்புறதெண்டா சத்தம் போடாமல் எழும்புங்கோ அம்மா. சுருள்முடி வாற இடத்தை நாங்கள் ஃபோனில வீடியோ எடுக்கிறம்." சொல்லிவிட்டுப் போனாள். அதன்பிறகு அம்மா நடுக்கதிரையில் போய் இருந்ததை அவள் கவனிக்கவில்லை.

நான் கேட்டேன், "அக்கா, உங்களுக்குப் பூட்டின இடம் ஏன் ஏலாது எண்டு அவளுக்குத் தெரியுமோ?"

"ஒரு கட்டிடத்துக்குள்ள நிறையச் சனம் இருந்தனாங்கள்" என்றார். "வண்டு சுத்துது. எல்லாரும் இருங்கோ, வெளியில போகாதேங்கோ எண்டினம். எனக்கு என்னவோ மனம் கேக்கேல்லை. இவளை இடுப்பில வச்சுக்கொண்டு எழும்பி வந்திட்டன். பிறகு குண்டு விழுந்துது. இருந்தவை இருந்த இடத்திலயே போயிட்டினம்."

மடியில் இருந்த செருப்புப் பையின் வாயை முடிந்தார்.

"எழும்பினதாலதான் அவள் இருக்கிறாள். அதை அவளுக்குச் சொல்லி என்ன? அவள் சிரிச்சுக்கொண்டு திரியட்டும்."

பிறகு அந்தப் பையைத் தூக்கி என் மடியில் வைத்தார். "கேட்டாலும் தராதேங்கோ."

லைற் அணைந்தது.

நான் எத்தனையோ படம் பார்த்திருக்கிறேன். பக்கத்துக் கதிரையைப் பார்த்துக்கொண்டு இருந்த படம் இது ஒன்றுதான். இருட்டில் றெஜினாக்காவின் விரல்கள் செபமாலை உருட்டின. மதில் கதவு மூடியது. உருட்டல் வேகமாகியது. காவலர்கள் வீடு வீடாகத் தட்டினார்கள். முந்தானையை வாயில் வைத்து அடக்கிக்கொண்டார். தம்பிக்காரன் ஒரு பெட்டிக்குள் ஒளிந்திருக்கிறான், மூச்சு விடமுடியவில்லை... அந்தக் காட்சியில் என் முழங்கையில் அவருடைய நகம் பதிந்தது. இன்னும் தழும்பு இருக்கிறது, வந்தால் காட்டுவேன்.

அப்போதுதான் அந்தச் சத்தம் வந்தது. ங்ங்ங்ங்...

கூரையைப் பார்த்தோம், சிரித்தோம். றெஜினாக்கா பாதி எழும்பினார். என் மடிப் பக்கம் கை நீண்டது. நான் பையை இறுக்கிப் பிடித்தேன். ஆனால் அவரை இழுத்து இருத்த எனக்கு மனம் வரவில்லை. எழும்பியதால் பிழைத்த ஒருவரிடம் எந்த வாயால் 'இருங்கோ' என்று சொல்வது?

சொன்னவர் கந்தசாமி அண்ணை. இரணைமடுக் குளத்துத் தண்ணீரில் வயல் செய்பவர். பின்வரிசை. அவருக்கு இது ஒன்றும் தெரியாது.

"தங்கச்சி, மறைக்குது! தண்ணிக் கதவு வரப்போகுது!"

றெஜினாக்கா திரும்பிப் பார்த்தார். திரையில் இன்னும் அந்தச் சத்தம் சுற்றிக்கொண்டிருந்தது.

"இருக்கிறன் அண்ணை" என்றார். "இருக்கிறன்."

இருந்தார்.

ஓடுவதில் எங்களுக்கு நிகர் யாரும் இல்லை. இந்த மண்ணில் எந்தப் பாதையும் நாங்கள் ஓடாத பாதை இல்லை. ஓடித் தப்பியவர்களின் கதையை ஊர் உலகம் கேட்கிறது, எழுதுகிறது, படமாகவும் எடுக்கிறது. தப்பி வந்த பிறகு ஒரு பிளாஸ்ரிக் கதிரையில் கடைசிவரை இருக்கப் பழகுகிறவளை யார் படமெடுப்பார்கள்? எடுத்தாலும் என்ன காட்டுவது? ஒரு பொம்பிளை இருக்கிறாள். அவ்வளவுதான். அந்த அவ்வளவுக்கு எவ்வளவு பலம் வேண்டும் என்று என் முழங்கைக்குத் தெரியும்.

படம் கடைசிக் காட்சிக்கு வந்தது. கதாநாயகி தண்ணீர்க் கதவின் சில்லைச் சுழற்றுகிறாள். கதவு கொஞ்சம் திறக்கிறது. தம்பிக்காரன் ஓடி வருகிறான். ஒரு வெடிச்சத்தம். திரை கறுப்பு. 'தொடரும்' என்று எழுத்து விழுந்தது.

லைற் போட்டதும் மண்டபம் வெடித்தது.

"இதென்ன விளையாட்டு!" கந்தசாமி அண்ணை எழும்பியே விட்டார். "தண்ணி வந்ததோ இல்லையோ? அதையாவது சொல்லிப்போட்டு முடிக்கலாமெல்லோ!"

"சுருள்முடி எங்க? அவனைக் காட்டவே இல்லை!"

"அந்தப் பெடியனுக்கு என்ன நடந்தது? ஐயோ, மூண்டாம் பகுதி எப்ப?"

இந்த அமளிக்குள் றெஜினாக்கா அசையவில்லை. என்னிடம் கேட்டார், "முடிஞ்சுதோ?"

"முடிஞ்சுது அக்கா. அதாவது... முடியேல்லை. அடுத்ததில தான் முடியும்."

"லைற் போட்டாச்சுதானே?"

"ஓம்."

"அப்ப நான் இருந்திட்டன்."

முன்வரிசையில் கோபக்காரன் கட்சியோடு சண்டை பிடித்துக்கொண்டு திரும்பிய ஜெனிற்றா, கதவடியைப் பார்த்தாள். அங்கே வேறு யாரோ. வழக்கமாகப் போய்விடுகிற அம்மாவைத் தேடி வாசலுக்கு நடக்கத் தொடங்கியவள், நடுவரிசையைக் கடக்கும்போது நின்றாள். வியர்த்து வழிந்து, செருப்பில்லாமல், செபமாலையைக் கையில் சுற்றிக்கொண்டு நடுக்கதிரையில் இருக்கிற அம்மாவைப் பார்த்தாள். சுருள்முடியைப் பற்றித் தொடங்கிய வசனம் பாதியில் நின்றது. என் மடியில் இருந்த பையை எடுத்து, செருப்பை வெளியே எடுத்து, அம்மாவின் காலடியில் வைத்தாள்.

தோழிகள் முன்னால் போக, பஸ் நிலையத்துக்கு நாங்கள் மூவரும் நடந்தோம். பின்னேர வெயில் ஏ-ஒன்பது வீதியில் சாய்ந்து கிடந்தது. தாயும் மகளும் படத்தைப் பற்றி மட்டுமே கதைத்தார்கள்.

"அந்தப் பிள்ளை செத்திருக்கமாட்டாள் என்னம்மா?"

"சாகமாட்டாள். தம்பிக்காகத் திரும்பி வந்தவள் எல்லோ."

"கால் விறைச்சுப் போச்சோ?"

"கொஞ்சம்."

வவுனியா பஸ் முதலில் வந்தது. ஜெனிற்றா ஏறினாள், யன்னல் பக்கம் இடம் பிடித்தாள். றெஜினாக்கா பேப்பரில் சுற்றிய கருவாட்டுச் சரை ஒன்றை யன்னலால் கொடுத்தார். விழாவைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை, நானே கேட்டுவிடலாம் என்று வாயெடுத்தேன். றெஜினாக்கா கண்ணால் தடுத்தார்.

கொண்டக்டர் மணியடித்தார். பஸ் நகர்ந்தது. கொஞ்சத் தூரம் போனதும் யன்னலுக்கு வெளியே ஒரு தலை நீண்டது.

"அம்மா! அந்த மண்டபத்தில ஏசி, சரியான குளிர்! சால்வை ஒண்டு எடுத்துக்கொண்டு வாங்கோ!"